கார்செட்டும் தோல்வாரும்: ஸ்டீம்பங்க் கைவினையில் மறைந்த கைகள்

1987 ஏப்ரலில் 'லோகஸ்' என்னும் அறிபுனை இதழில் ஒரு கடிதம் வெளியானது. எழுதியவர் அமெரிக்க நாவலாசிரியர் கே. டபிள்யூ. ஜீட்டர். தாமும் டிம் பவர்ஸ், ஜேம்ஸ் பிளேலாக் ஆகியோரும் எழுதிவந்த விக்டோரியக் காலக் கற்பனைக் கதைகளுக்குப் பொதுப்பெயர் ஒன்று வேண்டும் என்று கூறி, 'ஸ்டீம்பங்க்' என்னும் சொல்லை அவர் அரைவேடிக்கையாக முன்மொழிந்தார். அப்போது புழக்கத்துக்கு வந்திருந்த 'சைபர்பங்க்' என்பதன் முற்பாதியை எடுத்துவிட்டு, அவ்விடத்தில் நீராவியை வைத்ததே இச்சொல்லின் ஆக்கம். வேடிக்கையாகப் பிறந்த சொல் சில ஆண்டுகளில் ஓர் இலக்கிய வகையின் பெயராயிற்று. பின்னர் ஓர் உடைமரபின் பெயராயிற்று. 2009 அக்டோபரில் ஆக்ஸ்ஃபோர்டின் அறிவியல் வரலாற்று அருங்காட்சியகம் ஸ்டீம்பங்க் கலைப்பொருள்களுக்கெனவே ஒரு கண்காட்சியைத் தொடங்கும் அளவுக்கு அது நிலைபெற்றது.

இன்று அச்சொல்லைக் கேட்டவுடன் பலர் மனத்தில் எழுவது நாவல் அன்று, ஓர் உருவம். மேலாடைக்கு வெளியே அணிந்த கார்செட், தோளிலிருந்து இடைக்குக் குறுக்கே ஓடும் தோல்வார், பித்தளைப் பக்கிள்கள், முன்கையைச் சுற்றிய தோலுறை, தலையில் வெள்ளைக்காரத் துரைமாரின் தொப்பி. இவற்றைச் செய்வோரில் கணிசமானோர் தனித்து இயங்கும் கைவினைஞர்கள். தொழிற்சாலை உற்பத்தி மனிதக் கையை அப்புறப்படுத்துவதற்கு முன்னிருந்த உலகத்தை மீட்டெடுப்பதாக இக்கைவினை தன்னை விளக்கிக்கொள்கிறது. அந்த விளக்கம் வரலாற்றோடு எவ்வளவு பொருந்துகிறது? விக்டோரியக் கார்செட் உண்மையில் யார் கையால், எதனால், எப்படிச் செய்யப்பட்டது? அந்தத் தோல் எங்கிருந்து வந்தது? இக்கேள்விகளைப் பின்தொடர்ந்தால், ஒரு பொழுதுபோக்கு உடையின் மடிப்புகளுக்குள் தொழிலாளர் வரலாறும் காலனிய வரலாறும் சேர்த்துத் தைக்கப்பட்டிருப்பது புலப்படும்.

பெயர்களின் வரலாறு

'கார்செட்' என்பது பழைய பிரெஞ்சு மொழியில் உடலைக் குறித்த 'கோர்' என்னும் சொல்லின் குறுமை வடிவம். அதன் வேர் லத்தீன் 'கார்பஸ்'. ஆகவே சொற்பொருளளவில் கார்செட் ஒரு 'சிற்றுடல்'. ஆங்கிலத்திலும் அதே சிந்தனை வேறு வழியில் வந்துள்ளது. 16, 17ஆம் நூற்றாண்டு ஆங்கிலத்தில் இவ்வுடை 'ஒரு சோடி பாடீஸ்', அதாவது இரு பாதிகளாகச் செய்து இணைத்த 'உடல்கள்' எனப்பட்டது. காலப்போக்கில் அப்பன்மை வடிவமே ஒருமையாக உணரப்பட்டு, 'பாடிஸ்' என்னும் தனிச்சொல்லாக எழுத்திலும் மாறியது. 17ஆம் நூற்றாண்டிலிருந்து 'ஸ்டேஸ்', அதாவது 'தாங்கிகள்', என்ற பெயர் ஓங்கியது. 'கார்செட்' பொதுப்பெயராக ஆங்கிலத்தில் நிலைத்தது 19ஆம் நூற்றாண்டில்தான்.

உடல், தாங்கி, சிற்றுடல் என்னும் இப்பெயர் வரிசை ஒரு செய்தியைத் தருகிறது. இவ்வுடை உடலை மூடும் துணியாக அன்றி, உடலுக்கு மேல் அமைந்த இன்னோர் உடலாகவே கருதப்பட்டது. தமிழில் இதனைக் 'கச்சு' என்று பெயர்ப்பது வழக்கம். அது பிழையன்று, ஆயினும் ஒரு வேறுபாட்டை மறைத்துவிடுகிறது. கச்சு கட்டப்படுவது, அதன் வடிவத்தை அணிந்த உடலே தருகிறது. கார்செட் வெட்டித் தைத்து விறைப்பேற்றப்படுவது. கழற்றி வைத்த பின்னும் அதன் வடிவம் அதனிடமே இருக்கும். அந்த வடிவத்தைத் தருவதே கைவினைஞரின் வேலை.

ஆண்களின் தொழில்

இன்று பெண்களின் கைவினையாகப் பெரிதும் அறியப்படும் இத்தொழில், நெடுங்காலம் ஆண்களின் கையில் இருந்தது. 1675இல் பதினான்காம் லூயி பாரிஸ் நகரத் தையற்பெண்களுக்குத் தனித் தொழிற்கழகம் அமைக்க உரிமை அளித்தபோது, பெண்களின் பெரும்பாலான உடைகளைத் தைக்கும் உரிமை அவர்களுக்குக் கிடைத்தது. ஆனால் விறைப்பேற்றிய அரசவை உடலாடை ஆண் தையற்காரர்களிடமே நின்றது. 1769இல் கார்சோ வெளியிட்ட தையற்கலை நூல், பெண்களுக்கும் குழந்தைகளுக்கும் உடலாடை செய்யும் தையற்காரரைத் தனிவகைத் தொழிலாளராகவே விவரிக்கிறது. திதரோவின் கலைக்களஞ்சியப் படத்தகடுகளிலும் அவருக்குத் தனியிடம் உண்டு.

இத்தொழிலாளருள் உலகறிந்த பெயர் ஒன்று இருக்கிறது. இங்கிலாந்தின் தெட்ஃபோர்டில் 1737இல் பிறந்த தாமஸ் பெய்ன், தந்தையிடமே ஸ்டேஸ் செய்யும் தொழிலைப் பயின்றவர். சில காலம் கென்ட் மாவட்டத்தின் சாண்ட்விச்சில் சொந்தமாகவும் தொழில் நடத்தினார். 1776இல் 'காமன் சென்ஸ்' என்னும் துண்டுநூலால் அமெரிக்க விடுதலைக்கு மொழி தந்தவர் அவர். அரசியல் எதிரிகள் அவரை இழிவுபடுத்தப் பயன்படுத்திய வசைகளுள் அவருடைய பழைய தொழிலும் ஒன்றாயிற்று.

அத்தொழிலின் மையப்பொருள் 'திமிங்கில எலும்பு' எனப்பட்டது. பெயர் பிழையானது. அது எலும்பன்று, பல்லில்லாத் திமிங்கில வகைகளின் மேல்தாடையிலிருந்து தொங்கும் வடிகட்டித் தகடு. மனித நகமும் மாட்டுக்கொம்பும் எப்பொருளால் ஆனவையோ அதே கெராட்டினால் ஆனது. நெடுக்காகப் பிளந்தால் சிம்பு சிம்பாகப் பிரியும். சூடேற்றி வளைத்து ஆறவிட்டால் வளைந்தபடியே நிற்கும். நெருக்கமான கைத்தையலால் துணியில் குறுகிய குழாய்கள் அமைத்து, அவற்றுள் இச்சிம்புகளைச் செருகுவர். அணிபவரின் உடல்வெப்பமே சிம்புகளைச் சிறிது இளக்கி, அந்த உடலுக்கேற்ப வளையச் செய்யும். நல்ல ஸ்டேஸ் பழகப் பழகப் பொருந்தியதற்குக் காரணம் இதுவே.

உழைக்கும் பெண்கள் இதற்கு விதிவிலக்கல்லர். 18ஆம் நூற்றாண்டு இங்கிலாந்தில் ஏழைப் பெண்கள் அணிந்த தோல் ஸ்டேஸ் அருங்காட்சியகங்களில் எஞ்சியுள்ளன. விலையுயர்ந்த சிம்புகளுக்குப் பதிலாகத் தடித்த தோலே விறைப்பைத் தந்தது. வளைவதற்காகத் தோலின்மேல் கோடுகள் கீறப்பட்டன. ஸ்டீம்பங்க் கைவினைஞர் இன்று செய்யும் தோல் கார்செட்டுக்கு முன்னோடி தேடினால் அது சீமாட்டியின் அலமாரியில் கிடைக்காது. கூலிக்காரியின் முதுகில்தான் கிடைக்கும்.

நீராவி வந்த வழி

19ஆம் நூற்றாண்டு இத்தொழிலை அடியோடு மாற்றியது. 1820களில் உலோகக் கண்கள் வந்தன. அதற்கு முன் கயிறு கோக்கும் துளைகள் நூலால் கைத்தையல் இடப்பட்டவை. அதிகம் இழுத்தால் கிழியும். உலோகக் கண் அந்த எல்லையைத் தளர்த்தியது. நூற்றாண்டின் நடுப்பகுதியில் இரு துண்டுகளாகப் பிரிந்து முன்புறம் கொக்கியிட்டுப் பூட்டும் எஃகு 'பஸ்க்' பரவியது. பிறர் துணையின்றித் தானே அணிந்து கழற்றுவது எளிதாயிற்று. அதே காலத்தில் தையல் இயந்திரமும் வந்தது.

1868இல் எட்வின் ஐசாட் என்பவர் நீராவி வார்ப்பு முறையைப் புகுத்தினார். தைத்து முடித்த கார்செட்டைக் கஞ்சியில் நனைத்து, பெண்ணுடல் வடிவில் வார்த்த செம்பு உருவத்தின்மேல் பொருத்துவர். உள்ளீடற்ற அவ்வுருவத்துக்குள் நீராவியைச் செலுத்தினால், கார்செட் அந்த வடிவத்திலேயே உலர்ந்து விறைக்கும். ஆக, நீராவிக்கும் கார்செட்டுக்கும் இடையே உண்மையாகவே ஓர் உறவு இருந்தது. ஆனால் அது கற்பனைக் கதைகளின் பற்சக்கரமோ வான்கப்பலோ அன்று. ஒரே அச்சில் பல கார்செட்டுகளை உலர்த்திய செம்புப் பொம்மை. ஒவ்வோர் உடலுக்கும் தனியே அளவெடுத்த பழைய தொழிலாளரின் இடத்தை, எல்லா உடலுக்கும் பொதுவான ஓர் உலோக உடல் பிடித்தது. 'சிற்றுடல்' என்னும் சொல்லுக்கு இதைவிட நேரான பொருள் வாய்த்திருக்க முடியாது.

இங்கிலாந்தின் மார்க்கெட் ஹார்பரோவில் சிமிங்டன் குடும்பம் நடத்திய தொழிற்சாலை இம்மாற்றத்தின் சிறந்த சான்று. அங்கிருந்து வந்த 'பிரிட்டி ஹவுஸ்மெய்ட்' என்னும் கார்செட் வீட்டு வேலைக்காரப் பெண்களை நோக்கி விற்கப்பட்ட மலிவுச் சரக்கு. விலையைக் குறைக்க அதில் விறைப்புக்குக் கயிறுகள் செருகப்பட்டன. போர்ட்ஸ்மத் துறைமுகத்தில் மாலுமிகளின் மனைவியரும் மகள்களும் கார்செட் தொழிலின் பெருந்தொழிலாளர் கூட்டமாயினர். ஒருத்தி துண்டு வெட்ட, ஒருத்தி குழாய் தைக்க, ஒருத்தி கண் பதிக்க, ஒருத்தி சிம்பின் முனை துணியைக் குத்திக் கிழிக்காதபடி பட்டுநூலால் பூவேலை செய்து முடிக்க, முழு ஆடையையும் ஒருவரே செய்யும் நிலை ஆலைகளில் மறைந்தது. அருங்காட்சியகக் கண்ணாடிப் பெட்டியில் அலங்காரமாகத் தெரியும் அந்தச் சிறு பூவேலை, உண்மையில் ஒரு பொறியியல் ஏற்பாடு.

வடக்குக் கடல்களில் திமிங்கிலம் அருகியதால் சிம்பின் விலை ஏறியது. 1883இல் மிச்சிகனின் த்ரீ ஓக்ஸ் ஊரில் எட்வர்டு வாரன் வான்கோழி இறகுத் தண்டிலிருந்து மாற்றுப்பொருள் செய்தார். ஆனால் இறுதியில் வென்றது எஃகு. இவ்வளவையும் தொகுத்துப் பார்த்தால் முடிவு தெளிவு. விக்டோரியாவின் காலத்துக் கார்செட், இயந்திரத்துக்கு முந்தைய கைவினையின் சின்னம் அன்று. இயந்திரத்துக்குள் முதலில் நுழைந்த பெண்ணுடைகளுள் ஒன்று. அதில் கை இல்லாமல் இல்லை. கைகள் ஏராளம், அவற்றுக்குப் பெயர்தான் இல்லை.

உள்ளாடை வெளியே வந்தது

இன்னொரு வேறுபாடும் குறிக்கத்தக்கது. விக்டோரியப் பெண் கார்செட்டை உடல்மேல் நேரடியாக அணியவில்லை. வெளியே காட்டவும் இல்லை. அடியில் மெல்லிய பருத்தி உள்ளாடை, மேலே கார்செட்டை மறைக்க ஓர் உறை, அதன்மேல் ஆடை. கார்செட்டை வெளியாடையாக்கியது 20ஆம் நூற்றாண்டின் கடைசிப் பகுதி: பங்க் இயக்கம், 1987இல் விவியன் வெஸ்ட்வுட் காட்சிப்படுத்திய கார்செட்டுகள், 1990இல் மடோனாவின் இசைப் பயணத்துக்கு ழான் போல் கோத்தியே வடிவமைத்த உடை. ஜீட்டர் தம் சொல்லை ஆக்கிய ஆண்டிலேயே வெஸ்ட்வுட்டின் கார்செட்டும் மேடையேறியது தற்செயல்தான். ஆயினும் 'ஸ்டீம்பங்க்' என்னும் கூட்டுச்சொல்லில் இவ்வுடையைப் பொறுத்தவரை எப்பாதிக்கு வலு அதிகம் என்பதை அது காட்டிவிடுகிறது. வெட்டு விக்டோரியருடையது, அணியும் முறை பங்க்.

கார்செட் குறித்த மற்றொரு பொதுநம்பிக்கையும் ஆய்வில் தளர்ந்துள்ளது. நுண்ணிடைக்காக விலா எலும்புகளை அறுத்து நீக்கினர் என்னும் கதைக்குச் சான்றில்லை என்பதை வாலரி ஸ்டீல் தம் 2001ஆம் ஆண்டு நூலில் எடுத்துக்காட்டினார். எஞ்சிய கார்செட்டின் இடையளவு அணிந்தவரின் இடையளவும் ஆகாது. பின்புறம் முழுவதும் மூடாமல், சில அங்குல இடைவெளி விட்டே கயிறு கட்டப்படும். மூடிய நிலையில் அளந்த எண்ணை உடலின் எண்ணாகக் கொள்வது சான்றைத் தவறாக வாசிப்பதாகும். அதற்காகக் கார்செட் தீங்கற்றது என்று ஆகிவிடாது. அதன் தீங்கை மிகைக்கதையால் நிறுவ வேண்டியதில்லை என்பதே இதன் பொருள்.

செய்து அறிதல்

இங்கேதான் இன்றைய கைவினைஞரின் வேலை வரலாற்றாய்வோடு நெருங்குகிறது. நோரா வா 1954இல் வெளியிட்ட 'கார்செட்ஸ் அண்ட் கிரினலின்ஸ்' என்னும் நூல் பழைய ஆடைகளிலிருந்து வெட்டு வரைபடங்களை எடுத்துத் தந்தது. ஜில் சேலனின் 2008ஆம் ஆண்டுத் தொகுப்பும் அவ்வழியில் வந்ததே. சிமிங்டன் ஆலையின் சேகரம் லெஸ்டர்ஷயர் அருங்காட்சியகத்தாரிடம் உள்ளது. கைவினைஞர் இவற்றிலிருந்து தொடங்குகிறார்.

முதலில் மலிவுத்துணியில் மாதிரி தைத்து உடலில் வைத்துப் பார்க்க வேண்டும். மென்மையான வயிற்றைச் சுருக்க இடமுண்டு. விலாக்கூட்டையும் இடுப்பெலும்பையும் சுருக்க இடமில்லை. எனவே சுருக்கம் முழுவதையும் இடைக்கோட்டில், துண்டுகளின் வளைவில் பங்கிட வேண்டும். இழுவையைத் தாங்கும் அடுக்குக்குக் 'கூத்தீல்' என்னும் நெருக்கமான பருத்தித் துணி. மெத்தையைக் குறித்த பழைய பிரெஞ்சுச் சொல்லிலிருந்து வந்த பெயர் அது. ஆங்கிலத்தின் 'குவில்ட்' அதற்கு உறவுச்சொல். துணியின் நெடுக்கிழை இடையைச் சுற்றி ஓடுமா மேலிருந்து கீழாக ஓடுமா என்பதில் சிறு பிசகு நேர்ந்தாலும் ஆடை நாளடைவில் நெகிழும். நேரான இடங்களில் தட்டை எஃகு, வளைவுகளில் சுருள் எஃகு. துளைகளைத் துளைப்பானால் வெட்டுவதைவிட, குத்தூசியால் இழைகளை விலக்கித் திறப்பது நல்லது. இழை அறாததால் கண் நெடுநாள் நிற்கும்.

இத்தனை நுட்பங்களுள் ஆலைக் கணக்கேடுகளில் எழுதப்பட்டவை சில. மற்றவை ஆடைக்குள்ளேயே எழுதப்பட்டுள்ளன: தையலின் அடர்த்தியில், தேய்ந்த விளிம்பில், ஒட்டுப்போட்ட மூலையில். செய்து பார்ப்பவருக்கே அந்த எழுத்து வாசிக்கக் கிடைக்கிறது. கைவினையின் உண்மையான வரலாற்றுப் பயன் இந்த வாசிப்பில் உள்ளது.

தோல் வந்த திசை

கார்செட்டைவிட அதன்மேல் பூட்டும் தோல்வார் இந்தியாவுக்கு மிக அருகில் உள்ளது. தோளிலிருந்து குறுக்கே வந்து இடைவாரோடு இணையும் வார் 'சாம் பிரவுன் பெல்ட்' எனப்படும். சாமுவேல் பிரவுன் 1824இல் கல்கத்தாவை அடுத்த பாரக்பூரில் பிறந்தவர். பஞ்சாப் குதிரைப்படை அதிகாரி. 1857 கிளர்ச்சியை அடக்கும் போரில், 1858இல் பிலிபித் பகுதியில் நடந்த சண்டையில் இடக்கையை இழந்தார். இடக்கை இல்லாதபோது வாளுறையைப் பிடித்து நிறுத்த இயலாது. அதற்கு மாற்றாக அவர் வகுத்த வாரமைப்பே பின்னர் பிரிட்டிஷ் அதிகாரிகளின் சீருடையில் இடம்பெற்று, உலகப் படைகள் பலவற்றுக்கும் பரவியது. விழா மைதானத்தில் சாகசப் பயணியின் அணியாகத் தோன்றும் வார், ஒரு கிளர்ச்சி நசுக்கப்பட்ட களத்தில் உருவான கருவி.

தலையில் இருக்கும் தொப்பியும் அப்படியே. 'சோலா டோப்பி'யின் முற்பகுதி, வங்காளத்திலும் இந்தியிலும் 'ஷோலா' எனப்படும் நீர்த்தாவரத்தின் பெயர். தமிழில் அது நெட்டி. தஞ்சாவூர் நெட்டி வேலைப்பாடுகள் அதனால் ஆனவை. வெயிலுக்கு அணியும் தொப்பி என்பதால் ஆங்கிலேயர் பலர் 'சோலா'வைச் சூரியனைக் குறிக்கும் 'சோலார்' என்றே கேட்டு, அவ்வாறே எழுதினர். இந்தியத் தாவரம் ஒன்று பெயரிலிருந்தே ஆவியாகிப் போனது. காலில் சுற்றும் 'புட்டீஸ்' இந்திப் 'பட்டி'. நிறத்தைக் குறிக்கும் 'காக்கி' பாரசீக, உருது வழியாக வந்த, மண்ணிறம் என்னும் சொல்.

பெயரைவிட ஆழமாக மறைந்தது உழைப்பு. 19ஆம் நூற்றாண்டின் நடுப்பகுதியிலிருந்து சென்னை மாகாணத்தின் பதனிட்ட தோல் 'ஈஸ்ட் இந்தியா கிப்ஸ்' என்னும் பெயரில் லண்டன் சந்தைக்குச் சென்றது. சுண்ணாம்புத் தொட்டியில் ஊறவைத்து மயிரும் சதையும் நீக்கிய தோலை, ஆவாரம்பட்டைச் சாற்றில் வாரக்கணக்கில் இட்டு, கடுக்காய்ச் சாற்றில் நிறம் தெளிவித்து, எண்ணெய் பூசி உலர்த்துவர். சென்னைத் தோலின் சிறப்புக்கு ஆவாரையே காரணம். ஆல்ஃபிரட் சாட்டர்ட்டன் 1904இல் எழுதிய அறிக்கை இத்தொழிலை விரிவாகப் பதிவு செய்கிறது. மாகாணத்தில் குரோம் பதனிடும் முறையைச் சோதித்துப் புகுத்தியவரும் அவரே. முதல் உலகப்போரில் பிரிட்டிஷ் சிப்பாயின் பூட்ஸ் மேல்தோலுக்காக அரசே இத்தோலைக் கொள்முதல் செய்தது. இன்று 'இ. ஐ. லெதர்' புவிசார் குறியீடு பெற்ற தமிழ்நாட்டுப் பொருள்.

குரோம் தோல் வேகமாகவும் மலிவாகவும் கிடைத்தாலும், தோல் கைவினைஞர் இன்றும் மரப்பட்டைத் தோலையே நாடுகின்றனர். காரணம் தெளிவானது. நனைத்துப் பிசைந்தால் அது அச்சேறும்; உலர்ந்தபின் அவ்வடிவில் நிற்கும். பொறித்த பூவும் பற்சக்கரமும் அதில்தான் பதியும். விளிம்பைச் சீவி நீர் தொட்டுத் தேய்த்தால் பளபளக்கும். மெழுகிட்ட ஒரே நூலின் இரு முனைகளிலும் ஊசி கோத்து, ஒவ்வொரு துளையிலும் எதிரெதிராகச் செலுத்தும் சேணத் தையலில் ஓரிழை அறுந்தாலும் மற்றோரிழை தாங்கும். குதிரைச் சேணத்துக்கு வகுத்த இத்தையலை மிஞ்சும் இயந்திரத் தையல் இன்னும் இல்லை என்பது தொழிலறிந்தோர் கூற்று.

இவ்வழகின் அடியில் சாதி இருக்கிறது. சுண்ணாம்புத் தொட்டியிலும் பட்டைத் தொட்டியிலும் இறங்கி நின்றோர் பெரும்பாலும் தலித் சமூகத்தினர். தோலைத் தொட்டதற்காகவே அவர்கள் தீண்டத்தகாதோர் எனப்பட்டனர். அவர்கள் தொட்ட தோலோ கடல் கடந்து மதிப்புடைய சரக்காயிற்று. ஒரே பொருளில் வினை இழிவாகவும் விளைபொருள் உயர்வாகவும் கருதப்படுவதற்கு இதைவிடக் கடுமையான எடுத்துக்காட்டு அரிது. அண்மைக் காலத்தில் மேல்தட்டு நகரங்களில் 'கைவினைத் தோல்' என்னும் அடைமொழி விலையைக் கூட்டுகிறது. அதே கைவினை சில தெருக்களுக்கு அப்பால் மரத்தடியில் செருப்புத் தைப்பவருக்கு அந்த விலையைத் தருவதில்லை.

எது மீட்கப்படுகிறது?

இவை எல்லாம் ஸ்டீம்பங்க் கைவினையைப் பொய் என்று தள்ளுவதற்கான சான்றுகள் அல்ல. புனைவு தன்னைப் புனைவு என்று சொல்லிக்கொள்ளும்வரை அதில் குற்றமில்லை. 'அக்காலத்தில் எல்லாம் கையால் நேர்த்தியாகச் செய்யப்பட்டன' என்னும் வாசகம் மட்டும் வரலாறாக உலவும்போது, அது இருமுறை அநீதி செய்கிறது. போர்ட்ஸ்மத்திலும் மார்க்கெட் ஹார்பரோவிலும் ஆலைகளில் உழைத்த பெண்களின் கையை அது இயந்திரத்துக்குக் கொடுத்துவிடுகிறது. ஆவாரம்பட்டைத் தொட்டியில் நின்றவரின் கையை யாருக்கும் கொடுக்காமலே விட்டுவிடுகிறது.

நல்ல கைவினைஞர் ஒரு பழைய கார்செட்டைப் பிரித்துப் படிக்கும்போது ஒவ்வொரு தையலுக்கும் காரணம் கேட்கிறார். அக்கேள்வியைத் துணியோடு நிறுத்தாமல் துணி நெய்த ஊர், எஃகு வார்த்த ஆலை, தோல் பதனிட்ட தெரு என்று நீட்டினால், அவர் செய்யும் உடை வேடமாக மட்டும் இராது, ஆவணமாகவும் ஆகும். ஆடை வரலாறு பயில்வோர் அருங்காட்சியகச் சீட்டில் ஆண்டும் துணிவகையும் கண்டவுடன் குறிப்பேட்டை மூடிவிடுவது வழக்கம். அச்சீட்டில் இன்னொரு வரிக்கு இடமுண்டு: செய்தவர். பெரும்பாலான சீட்டுகளில் அவ்வரி வெற்றிடமாகவே இருக்கும். அந்த வெற்றிடத்தைச் சுட்டிக்காட்டுவதிலிருந்துதான் அவ்வரலாறு தொடங்க முடியும்.